வெள்ளை மேடை: துடைக்கிற கையும் அறுக்கிற கையும்

வீரகேரளம்புதூரில் எங்கள் வீட்டு அடுப்படியை இடித்துக் கட்டலாம் என்று போன வருஷம் முடிவானது. முடிவான அன்றைக்கே சண்டையும் ஆரம்பமாகிவிட்டது. தரைக்கு என்ன டைல்ஸ், சுவருக்கு என்ன பெயின்ட் என்பதிலெல்லாம் யாருக்கும் வருத்தமில்லை. அடுப்பு வைக்கிற மேடைக்கு என்ன கல் போடுவது என்பதில்தான் வந்தது. அம்மா வெள்ளை வேணும் என்றாள். நான் கூடவே கூடாது என்றேன்.

இதற்காக மூன்று மாதம் கடை கடையாக ஏறி இறங்கினேன். துண்டுக் கற்களை வாங்கி வந்து வீட்டில் சோதித்துப் பார்த்தேன். கொஞ்சம் படித்தேன். அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். வெள்ளை மேடைக்கல் வாங்கப் போகிறவர்களுக்கு உபயோகப்படும். கூடவே, அதை நமக்கு விற்கிற விதத்தின் மேல் எனக்கு ஒரு விமர்சனமும் உண்டு.

ஊரைத் தெரியாதவர்களுக்கு: தென்காசிக்குக் கிழக்கே, சிற்றாற்றங்கரை ஊர். ஊத்துமலை ஜமீன்தார்களின் அரண்மனை இருந்த இடம். காவடிச்சிந்து அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்த ஜமீன் அது. குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் எங்கள் பக்கமும் வானம் மூடிக்கொள்ளும். ஆனி, ஆடியில் நடுப்பகலிலேயே அடுப்படியில் விளக்குப் போட வேண்டியிருக்கும். இது பின்னால் தேவைப்படும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என் கட்சியும் அம்மா கட்சியும்

என் கட்சி சுலபமானது. நம் சமையலில் மஞ்சள் உண்டு, புளி உண்டு, நல்லெண்ணெய் உண்டு. வெள்ளைக்கல் இதையெல்லாம் தாங்குமா? கடையில் காட்டுகிற புத்தகத்தைப் பாருங்கள். பளிங்கு மாதிரி ஒரு மேடை. அதில் ஒரு கிண்ணம், கிண்ணத்தில் மூன்று எலுமிச்சம்பழம். அதை யாரும் எப்போதும் வெட்டியதாகத் தெரியாது. அஞ்சறைப்பெட்டி கிடையாது, குழம்புக் கரண்டி கிடையாது, தண்ணீர்க் குடம் கிடையாது. முக்கியமாக, ஆளே கிடையாது. யாருமே சமைக்காத அடுப்படியைப் பார்த்துவிட்டுத்தான் நாம் சமைக்கிற அடுப்படிக்குக் கல் வாங்குகிறோம். அம்மாவும் டிவியில் எதையோ பார்த்து மயங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

அம்மா சொன்னது வேறு. "கருப்புல எறும்பு ஓடுனாக்கூட எனக்குத் தெரியலய்யா. கடுகு சிந்துனா தெரியல. தண்ணி நிக்கதும் தெரியல. கைய வச்ச பெறவுதான் தெரியுது."

அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று. இன்னொன்று பாக்கி. பழைய மேடை கடப்பாக்கல், முப்பது வருஷம் ஆகிறது. கருப்பாக இருந்தால் அழுக்குத் தெரியாது என்பதைத்தான் நான் இத்தனை நாள் அதன் நல்ல குணமாக நினைத்திருந்தேன். அழுக்குத் தெரியவில்லை என்றால் எறும்பும் தெரியாது, கத்தியும் தெரியாது, கொதிக்கிற எண்ணெய் சிந்தினாலும் தெரியாது என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் அங்கே காப்பி போடுவதோடு சரி.

சொல்லப்போனால் கருப்பிலும் கறை உண்டு. கடப்பாக்கல் சுண்ணாம்புக்கல் வகை. எலுமிச்சையும் புளியும் பட்ட இடமெல்லாம் எங்கள் மேடையில் வெளிறிப் போயிருந்தது. போர் தண்ணீரின் உப்பு வேறு வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. ஆக, வெள்ளையில் மஞ்சள் கறை, கருப்பில் வெள்ளைக் கறை. கறையே படாத நிறம் என்று ஒன்று இல்லை.

'ஒயிட்' என்பது ஐந்து பொருள்

கடையில் போய் வெள்ளைக்கல் வேண்டும் என்று கேட்டேன். "ஒயிட்டா? அஞ்சு வெரைட்டி இருக்கு அண்ணாச்சி, பட்ஜெட் சொல்லுங்க" என்றார். பட்ஜெட்டைத்தான் கேட்டார். என்ன சமைப்பீர்கள், யார் சமைப்பார்கள் என்று ஒரு கடையிலும் கேட்கவில்லை. அவர் அடுக்கி வைத்திருந்த ஐந்தும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத பொருட்கள். நிறம் மட்டும்தான் ஒன்று.

ஐந்திலும் உள்ளங்கை அகலத் துண்டுகளை வாங்கி வந்து பின்வாசல் திண்ணையில் பரப்பினேன். எலுமிச்சைச் சாறு அரை மணி நேரம். புளிக்கரைசல் ஓர் இரவு. நல்லெண்ணெயில் குழைத்த மஞ்சள் ஓர் இரவு. அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் அப்படியே மேலே. கடைசியாக ஒரு அலுமினியச் சட்டியை வைத்து இழுப்பது. ஆய்வுக்கூடச் சோதனை இல்லை, வீட்டுச் சோதனைதான். ஆனால் கல் இருக்கப் போவதும் வீட்டில்தானே.

முதலில் பளிங்கு, அதாவது மார்பிள். தாஜ்மகாலுக்குப் போன மக்ரானா கல்லும் இதுதான், இப்போது இறக்குமதியாகிற வெள்ளை மார்பிளும் இதுதான். வேதியியலில் இது கால்சியம் கார்பனேட், கடப்பாக்கல்லுக்குச் சொந்தக்காரன். எலுமிச்சை பட்ட இடம் அரை மணியில் மங்கிவிட்டது. இது கறை இல்லை, கல்லே அரிக்கப்பட்டிருக்கிறது. தேய்த்தால் போகாது. கடினத்தில் மோஸ் அளவுகோலில் 3தான், கத்தி முனையே கீறிவிடும். பூஜை அறைக்கு அழகு, புளிக்குழம்புக்கு ஆகாது. இதற்கு ஒரு நல்லது உண்டு: மெஷின் வைத்துத் தேய்த்துப் பாலிஷ் போட்டால் திரும்பவும் புதிதாகும்.

இரண்டாவது வெளிர் கிரானைட். 'காஷ்மீர் ஒயிட்' என்று ஒன்றைக் காட்டினார்கள். பெயரில்தான் காஷ்மீர், கல் நம்ம மதுரை மேலூர்ப் பக்கத்துக் கல். மேலூர் என்றதும் கிரானைட் வழக்கு ஞாபகம் வரும். 2014-ல் உயர் நீதிமன்றம் சகாயத்தை விசாரணை ஆணையராக நியமித்து, அவர் 2015-ல் அறிக்கை கொடுத்தது வரை எல்லோரும் செய்தித்தாளில் படித்ததுதான். கல்லுக்கு வருவோம். எலுமிச்சையும் புளியும் இதை ஒன்றும் செய்யவில்லை, தோசைக்கல்லும் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் எண்ணெயை உறிஞ்சியது. மஞ்சள் வைத்த இடத்தில் இளமஞ்சளும் அதைச் சுற்றி ஈரம் மாதிரி ஒரு நிழலும் நின்றுவிட்டன. சீலர் என்கிற திரவத்தைப் பூசிய துண்டில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் சீலர் நிரந்தரமில்லை, திரும்பத் திரும்பப் பூச வேண்டும். இந்தக் கல்லில் சிவப்பாகத் தெரிகிற கார்னெட் மணிகளில் இரும்பு உண்டு, நாளாவட்டத்தில் ஈரத்தில் துருச்சாயல் தட்டலாம்.

மூன்றாவது குவார்ட்ஸ். பெயரைக் கேட்டால் மலையில் வெட்டி எடுத்த கல் மாதிரி இருக்கும். உண்மையில் பொடித்த குவார்ட்ஸை பாலியெஸ்டர் பிசினில் கலந்து, காற்றை உறிஞ்சி எடுத்து, அதிர்வு கொடுத்து அழுத்திச் செய்கிற பலகை. எடையில் பத்தில் ஒன்பது பங்கு குவார்ட்ஸ். இத்தாலியின் ப்ரெட்டன் நிறுவனம் உருவாக்கிய முறை இது. புளி, எலுமிச்சை எதுவும் பாதிக்கவில்லை. மஞ்சள் லேசாகத் தங்கியது. தோசைக்கல்தான் காட்டிக்கொடுத்தது: பழுப்பு வளையம் ஒன்று விழுந்தது, இன்றுவரை போகவில்லை. பிசின் சுமார் 150 டிகிரி செல்சியஸுக்கு மேல் தாங்காது. காய்ந்த தோசைக்கல் அதையெல்லாம் சாதாரணமாகத் தாண்டும்.

நான்காவது நானோ ஒயிட். கண்ணாடி இனத்துப் பலகை, ஐந்திலும் இதுதான் வெள்ளையிலும் வெள்ளை. கறை பிடிக்கவில்லை. ஆனால் மணல் ஒட்டிய பாத்திரத்தை இழுத்ததும் கீறல் விழுந்தது. பளபளப்பு அதிகம் என்பதால் ஒவ்வொரு கீறலும் வெளிச்சத்தில் தனியாகத் தெரியும். விளிம்பு உடைந்தால் கண்ணாடி மாதிரி சில்லாகப் பெயரும்.

ஐந்தாவது பெரிய அளவு விட்ரிஃபைட் பலகை. குஜராத்தின் மோர்பியில் டைல்ஸ் செய்கிற அதே வழி, மண்ணை உயர் வெப்பத்தில் சுட்டது. தண்ணீரையோ எண்ணெயையோ உறிஞ்சுவதில்லை என்றே சொல்லலாம். மஞ்சளும் எண்ணெயும் துடைத்ததும் போய்விட்டன, தோசைக்கல்லும் தடம் விடவில்லை. அலுமினியச் சட்டி பென்சில் கோடு மாதிரி சாம்பல் கோடு போட்டது, பாத்திரம் விளக்குகிற பவுடரில் போனது. குறை என்னவென்றால் நிறமும் பூவேலையும் மேல் பரப்பில் மட்டும்தான். விளிம்பு பெயர்ந்தால் உள்ளே இருக்கிற மண் நிறம் தெரியும், சரிசெய்ய முடியாது.

மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை. துண்டுகளைச் சோப்புப் போட்டுக் கழுவியபோது மஞ்சள் கறை சிவந்தது. பயப்படாதீர்கள், சோப்பின் காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவப்பது இதே கணக்குதான். மஞ்சளின் நிறப்பொருள் வெயிலில் வெளுக்கவும் செய்யும். கிரானைட் துண்டைச் சில நாள் வெயிலில் போட்டதில் மஞ்சள் போய்விட்டது, எண்ணெய் நிழல் மட்டும் நின்றது. ஆனால் சுவரில் பதித்த மேடையை எடுத்துக்கொண்டு போய் மொட்டை மாடியில் காயப்போட முடியாதே.

'மெயின்டனன்ஸ் ஃப்ரீ'

ஐந்தைப் பற்றியும் கடைக்காரர்கள் சொன்ன ஒரே வார்த்தை இது. பராமரிப்பே தேவையில்லையாம். என் விமர்சனம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

நம் ஊரில் வெள்ளைக்குப் பஞ்சமில்லை. தினமும் விடிகாலையில் கோலம் போடுகிறோம், சாயங்காலத்துக்குள் மிதிபட்டு அழிந்துவிடும், மறுநாள் திரும்பப் போடுகிறோம். பொங்கலுக்கு முன்னால் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறோம், அடுத்த மார்கழிக்குள் புகை ஏறிவிடும், மறுபடி அடிக்கிறோம். வெள்ளை என்பது நமக்கு ஒரு தடவை வாங்கி வைக்கிற சாமான் இல்லை, திரும்பத் திரும்பச் செய்கிற வேலை. அந்த வேலையை யார் செய்கிறார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும், வாசலில் குனிந்து நிற்கிறவர்களைக் கண்ணால் பார்க்கலாம்.

'மெயின்டனன்ஸ் ஃப்ரீ' என்கிற வார்த்தை அந்த ஆளை மறைத்துவிடுகிறது. மார்பிளில் புளி பட்டதும் ஓடிவந்து துடைப்பது மெயின்டனன்ஸ்தான். குவார்ட்ஸில் சட்டியை இறக்கும்போது ஒவ்வொரு தடவையும் பிரிமனையைத் தேடுவதும் மெயின்டனன்ஸ்தான். காசு கேட்காத வேலை என்பதால் கடைக்காரர் கணக்கில் அது வரவில்லை. என் கணக்கிலும் அதுவரை வந்ததில்லை என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

தெருவெல்லாம் மாவு

குவார்ட்ஸ் எடுத்துக்கொண்டு பிரிமனை வைத்துப் பழகிக்கலாம் என்று ஒரு கட்டத்தில் முக்கால்வாசி முடிவு செய்துவிட்டோம். அந்த வாரம் எங்கள் தெருவில் இன்னொரு வீட்டில் அதே கல்லை இறக்கினார்கள். ஒரு பையன், இருபத்தைந்து வயசு இருக்கும், வாசலில் உட்கார்ந்து கைமெஷினால் சிங்க்குக்கு ஓட்டை அறுத்துக்கொண்டிருந்தான். தண்ணீர் இல்லை. மூக்கில் ஒரு கைக்குட்டை. அரை மணி நேரத்தில் அவன் தலை, புருவம், எதிர் வீட்டு முருங்கை எல்லாம் வெளுத்துவிட்டது. மாவு மில்லிலிருந்து வந்தவன் மாதிரி எழுந்து நின்று இருமினான்.

தண்ணீர் விட்டு அறுக்கலாமே தம்பி என்றேன். "கரண்டு மெஷின் அண்ணாச்சி. தண்ணி ஊத்தி ஷாக் அடிச்சா யாரு பதில் சொல்லுவா?" என்றான். அவன் கேட்டது நியாயம்தான். என்னிடம் பதில் இல்லை.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். கல்லை உலர அறுக்கும்போது வருகிற தூசியில் கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா துகள் உண்டு. அது நுரையீரலின் அடியாழம் வரை போய்த் தழும்பாகிவிடும். சிலிகோசிஸ் என்று பெயர். தழும்பை ஆற்ற மருந்து கிடையாது. காசநோய் வருகிற வாய்ப்பையும் அது கூட்டும். காசநோய் என்றே நினைத்து வைத்தியம் பார்ப்பதும் நடக்கும். மார்பிளில் சிலிக்கா மிகக் குறைவு, கிரானைட்டில் பொதுவாகப் பாதிக்கும் கீழே, குவார்ட்ஸ் பலகையில் தொண்ணூறு சதவீதம் அளவுக்கு. கிரானைட் தூசி நோயாக மாற ரொம்ப வருஷம் எடுக்கலாம், குவார்ட்ஸ் தூசியில் அது சில வருஷத்திலேயே வந்துவிடுகிறது.

இது புதுச் செய்தியும் இல்லை. இந்தப் பலகை செய்வதில் உலகத்தில் முன்னால் நின்ற நாடுகளில் ஒன்று இஸ்ரேல். அங்கே நுரையீரல் மாற்றுச் சிகிச்சைக்கு அனுப்பப்பட்ட 25 தொழிலாளர்களைப் பற்றி மருத்துவர்கள் 2012-லேயே எழுதிவிட்டார்கள். ஆஸ்திரேலியா 2023 டிசம்பரில் முடிவெடுத்து, 2024 ஜூலை 1 முதல் இந்தப் பலகையைச் செய்யவோ விற்கவோ பதிக்கவோ கூடாது என்று தடை போட்டது. பிசின் இல்லாமல் சுட்டுச் செய்கிற பலகைகளை அந்தத் தடையில் சேர்க்கவில்லை, ஆனால் அவற்றை அறுப்பதற்கும் தூசிக் கட்டுப்பாடு உண்டு.

நம் நாட்டில் பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையிலேயே சிலிகோசிஸ் இருந்தது. கல் தொழிலாளர்கள் நிறைய உள்ள ராஜஸ்தான் 2019-ல் இதற்கென்றே ஒரு கொள்கை கொண்டுவந்தது. ஆனால் எங்கள் தெரு வாசல் தொழிற்சாலை இல்லையே. அந்தப் பையன் எந்தப் பதிவேட்டிலும் இருக்க மாட்டான். கடைப் புத்தகத்தில் அடுப்படியில் ஆளே இல்லை என்று முன்னால் சொன்னேன். அறுக்கிற ஆள் அதிலிருந்து இன்னும் தூரத்தில் இருக்கிறான்.

அம்மா வைத்த பரீட்சை

இதை அம்மாவிடம் சொன்னேன். "அப்ப அது வேண்டாம்யா" என்றாள், அவ்வளவுதான். பிறகு திண்ணையில் கிடந்த துண்டுகளை எல்லாம் ஒரு தட்டில் அள்ளிக்கொண்டு, விளக்கு வைக்கிற நேரத்தில் அடுப்படி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஒவ்வொரு துண்டிலும் நாலு கடுகு, நாலு உளுத்தம்பருப்பு, ஒரு கல் உப்பு, ஒரு சொட்டுத் தண்ணீர். இந்தப் பரீட்சை எனக்குத் தோன்றவே இல்லை.

நானோ ஒயிட்டில் கடுகு பளிச்சென்று தெரிந்தது, உளுந்தும் உப்பும் மறைந்துவிட்டன. கிரானைட்டைத் தூக்கிப் பார்த்து, "இதுல இருக்க புள்ளியெல்லாம் எறும்பு மாதிரில்லா இருக்கு" என்று தள்ளிவைத்தாள். பளபளப்பானவற்றில் விளக்கின் பிம்பம் விழுந்து தண்ணீர்ச் சொட்டு தெரியவில்லை. கடைசியில் அவள் எடுத்தது, வெள்ளை என்றே சொல்ல முடியாத ஒன்று: பளபளப்பும் புள்ளியும் இல்லாத, தயிர்ச்சோற்று நிறத்து விட்ரிஃபைட் துண்டு. அதில் கடுகும் தெரிந்தது, உளுந்தும் தெரிந்தது.

அதையே போட்டோம். அட்டையில் அளவு வெட்டிக் கொடுத்து, சிங்க் ஓட்டை உட்பட எல்லா அறுப்பையும் கடையிலேயே தண்ணீர் ஓடுகிற பெரிய மெஷினில் செய்ய வைத்தோம். இதற்கு இரண்டு நாள் கூடுதலாகக் காத்திருந்தோம், கூலியும் கொஞ்சம் கூட. விளிம்பு பெயர்கிற குறைக்காக முன்பக்கம் நெடுக இரண்டங்குல அகலத்தில் கருப்பு கிரானைட் பட்டை வைத்தோம், அதையும் கடையிலேயே அறுத்தோம். மேடை எங்கே முடிகிறது என்று அம்மாவுக்கு அந்தக் கருப்பு காட்டிக்கொடுக்கிறது. அதை யோசித்துச் செய்தோம் என்று சொன்னால் பொய், பதித்த பிறகுதான் தெரிந்தது. நம் ஊர் மேடைக்கு அடியில் கான்கிரீட் பலகை இருப்பதால் மெல்லிய விட்ரிஃபைட் முழுசாக உட்கார்ந்துவிட்டது, தொங்கலாக நிற்கிற இடம் இல்லை. அலமாரிக்கு அடியில் ஒரு எல்.இ.டி. பட்டை. பழைய கடப்பாக்கல் பின்வாசலில் பாத்திரம் விளக்குகிற கல்லாகிவிட்டது.

வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். 'ஒயிட்' என்று கேட்காதீர்கள், என்ன பொருள் என்று கேளுங்கள். துண்டு வாங்கி வந்து, அந்த மேடையில் நிற்கப் போகிறவர் கையில் கொடுங்கள், விளக்கு வைக்கிற நேரத்தில். எந்தக் கல்லானாலும் வாசலில் உலர அறுக்க விடாதீர்கள். தவிர்க்கவே முடியாவிட்டால் என்-95 முகக்கவசமாவது வாங்கிக் கொடுத்துவிட்டு அறுக்கச் சொல்லுங்கள், கைக்குட்டை போதாது.

மேடை பதித்து எட்டு மாசம் ஆகிறது. அடுப்புக்கு இடது பக்கம் அலுமினியக் கோடு இரண்டு இருக்கிறது. அதை நான்தான் துடைக்க வேண்டும் என்று ஏற்பாடு. இன்னும் துடைக்கவில்லை.